‘ஐ’ என்று ஒரு சொல்

தொண்டூர்த் திண்ணையில் அன்று நடந்த அமர்க்களத்துக்கெல்லாம் காரணம் ஒரே ஒரு சொல்தான். சொல் என்று கூடச் சொல்ல முடியாது. வாயைத் திறந்து மூடுவதற்குள் முடிந்து போகிற ஒரு சத்தம்!

செஞ்சி வட்டாரத்தில் உள்ள தொண்டூர், என் பெரியம்மாவின் ஊர். புனேயில் உத்தியோகம் பார்க்கும் அண்ணா, கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து முதன்முதலாகக் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தார். அண்ணி மராத்திக்காரி. மூன்று வயதுப் பெண் குழந்தை. பெரியம்மா வாசலில் கோலம் போட்டு, ஆரத்தி எடுத்து, அதிரசம் சுட்டு எல்லாம் செய்தாள். ஆனால் முகத்தில் மட்டும் ஏதோ ஒரு சுணக்கம். நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மத்தியானம் அண்ணாவும் அண்ணியும் கொல்லைப்புறம் கிணற்றடியில் இருந்தார்கள். திண்ணையில் விளையாடிய குழந்தை கால் தடுக்கிக் கீழே விழுந்தது. முழங்காலில் லேசான சிராய்ப்பு. உடனே ஊரைக் கூட்டுகிற மாதிரி, “ஆயீ! ஆயீ!” என்று ஓர் அலறல்.

பெரியம்மா ஓடி வந்தாள். குழந்தையை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ நேரே வேலியோரம் பார்த்து நடையைக் கட்டினாள்!

“எங்கே பெரியம்மா போறீங்க?”

“கேக்கலியா உனக்கு? கொழந்தை ‘ஆய், ஆய்’னு கத்துது. அவசரம் போல இருக்கு!”

நம் வீட்டுக் குழந்தைகள் எதற்காக ‘ஆய்’ என்பார்கள் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மராத்தியில் ‘ஆயீ’ என்றால் அம்மா. அந்தக் குழந்தை தன் தாயைத் தேடி அழுதது. பாட்டியோ அதை வேலியோரம் உட்கார வைக்கப் பாடுபட்டாள்! அது மேலும் வீறிட, பெரியம்மா மேலும் வற்புறுத்த, அண்ணி ஈரக் கையோடு ஓடி வந்து குழந்தையை வாங்கிக்கொள்ளும் வரையில் அந்தப் போராட்டம் ஓயவில்லை.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பெரியம்மா சிரிக்கவில்லை. “எம் பேத்தி பேசறது எனக்குப் புரியல. நான் பேசறது அதுக்குப் புரியல” என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐ, அய், ஆய், ஆயீ... இந்தச் சின்னஞ்சிறு சத்தத்துக்கு உலகத்தில் இன்னும் எத்தனை அர்த்தங்கள் இருக்கும் என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன். எண்ண எண்ண வேடிக்கையாக இருந்தது. முதலில் ‘ஐ’யிலிருந்தே தொடங்குவோம், அதன் பிறந்த ஊரே எங்களுக்குப் பக்கத்து ஊர்தான்!

குன்றின் மேல் ஓர் எழுத்து

தொண்டூர் சாதாரண ஊர் இல்லை. இங்குள்ள பாறையில் சமண முனிவர்களுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. கூடவே தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டும் இருக்கிறது. சுமார் கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் அகலூரின் பழைய பெயரும் அதில் வருகிறது. ஆயிரத்தெழுநூறு வருஷமாக ஊரும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது!

இந்த வட்டாரம் முழுவதுமே சமணம் செழித்த பூமி. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இன்றைக்கும் செஞ்சிப் பக்கத்து மேல்சித்தாமூரில்தான் இருக்கிறது.

மறுநாள் காலையில் நாங்கள் போனது திருநாதர்குன்று. செஞ்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேலே ஏறினால், ஒரு பெரிய பாறை முகத்தில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிரண்டு பேராக அமர்ந்திருக்கிறார்கள். படம் வரைந்த மாதிரி அத்தனை ஒழுங்கு. அண்ணியின் இடுப்பிலிருந்த குழந்தை அதைப் பார்த்ததும் கைகொட்டி, “ஐ!” என்றது. இந்த ‘ஐ’யை அது அண்ணாவிடம் கற்றிருக்க வேண்டும்.

அந்தக் குன்றில் அந்தச் சத்தம் எழுந்தது என்ன பொருத்தம்! ஏனென்றால் அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்தார் என்றும், இது அவருடைய நிசீதிகை என்றும் அது சொல்லுகிறது. நிசீதிகை என்றால் நோன்பிருந்து உயிர் விட்ட இடத்தின் நினைவுச் சின்னம். சுமார் 6ஆம் நூற்றாண்டு. பிராமியிலிருந்து வட்டெழுத்து உருவாகிக்கொண்டிருந்த காலம்.

இதுவரை கிடைத்திருக்கும் கல்வெட்டுகளில் ‘ஐ’ என்ற உயிரெழுத்து முதன்முதலாகத் தலைகாட்டுவது இந்தக் கல்வெட்டில்தான் என்று தொல்லியலார் சொல்லுகிறார்கள். ‘ஐம்பத்தேழு’ என்பதன் முதல் எழுத்தாக அது நிற்கிறது.

யோசித்துப் பாருங்கள். நாம் பால் கணக்கு எழுதும்போதும் சலவைக் கணக்கு எழுதும்போதும் ‘ஐந்து’ என்று சர்வ சாதாரணமாக எழுதுகிறோமே, அந்த ‘ஐ’யைக் கல்லில் நாம் முதலில் பார்ப்பது ஒரு மனிதர் அன்னம் துறந்த நாட்களை எண்ணிச் சொல்லும் இடத்தில்! உளியைப் பிடித்தவர் யாரோ, அவர் பெயர் தெரியாது. அவர் எண்ணிய நாட்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

நம் வீட்டு ஐ

தமிழில் ஒரே எழுத்து ஒரு சொல்லாக நிற்பது உண்டு. ‘ஓரெழுத்து ஒருமொழி’ என்பது இலக்கணத்தில் அதன் பெயர். அப்படிப்பட்டவை 42 என்று எண்ணிச் சொன்னவர் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர். அவரும் ஒரு சமணரே! ஆ என்றால் பசு, தீ என்றால் நெருப்பு, பூ, கை, பை எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்தவை. ‘ஐ’யும் அதில் ஒன்று.

‘ஐ’க்கு என்ன பொருள் என்கிறீர்களா? எந்தப் பொருள் வேண்டும், சொல்லுங்கள்! தலைவன், அழகு, வியப்பு, நுட்பம், ஐந்து. நெஞ்சில் கட்டும் கோழைக்குக் கூட ‘ஐ’ என்று பெயர். போதாததற்கு இரண்டாம் வேற்றுமை உருபும் அதுவே. ‘பாலைக் குடி’, ‘கதவைச் சாத்து’ என்று நாள் முழுவதும் நாம் போடும் உத்தரவுகளில் எல்லாம் ‘ஐ’ ஒளிந்துகொண்டிருக்கிறது.

குழந்தை பலூனைப் பார்த்து “ஐ!” என்று குதிக்கிறதே, அது வெறும் குழந்தைப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். ‘ஐ’ என்பதற்கு வியப்பு என்று தொல்காப்பியமே பொருள் சொல்லியிருக்கிறது. இலக்கணம் படிக்காத குழந்தை தொல்காப்பியத்தை மீறாமல் பேசுகிறது!

திருக்குறளில் படைச்செருக்கு என்ற அதிகாரத்தின் முதல் குறளைப் பாருங்கள். ஒரு வீரன் பகைவரைப் பார்த்து எச்சரிக்கிறான். அதில் ‘என்னை’ என்று ஒரு சொல் வருகிறது. நாம் இன்று சொல்லும் ‘என்னை’ அல்ல அது. என் + ஐ, அதாவது ‘என் தலைவன்’. இந்தத் தலைவன் ‘ஐ’தான் ஐயன் ஆனான், ஐயா ஆனான், தமையன் என்ற சொல்லிலும் புகுந்துகொண்டான். கடைக்காரர் “வாங்க ஐயா” என்று கூப்பிடும்போது, சங்க காலத்துச் சொல் ஒன்று சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைக்குள் நுழைகிறது.

கோட்டைக்கு வந்த விருந்தாளிகள்

திருநாதர்குன்றின் மேலிருந்து பார்த்தால் செஞ்சிக் கோட்டை தெரிகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய மதில். 2025இல் ‘மராத்தியர் இராணுவ நிலக்காட்சிகள்’ என்ற பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த பன்னிரண்டு கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. அண்ணிக்கு அதில் சொல்ல முடியாத பெருமை. “எங்கள் கோட்டை!” என்றாள். “எங்கள் கோட்டை!” என்றார் அண்ணா. இருவர் சொன்னதும் உண்மையே.

இந்தக் கோட்டைக்கு வந்து போன பாஷைகளுக்குக் கணக்கே இல்லை. சுமார் 1200இல் கோனார் வம்சத்தார் மலையில் அரண் கட்டத் தொடங்கியபோது, ‘ஐ’ என்றால் தமிழ்ப் பொருள்தான். பிறகு விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் வந்தார்கள். அவர்களுடைய தெலுங்கில் ‘ஐது’ என்றால் ஐந்து. நம்முடைய சொல்லின் சொந்தத் தங்கை.

1597ஆம் ஆண்டு வாக்கில் பிமெந்தா என்ற போர்த்துகீசியப் பாதிரியார் செஞ்சிக்கு வந்து நாயக்கர் தலைநகரைப் பார்த்துவிட்டுப் போனார். அவருடைய பாஷையில் ‘ஐ’ என்றால் ‘ஐயோ!’ என்று பொருள்.

1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை கோட்டையைப் பிடித்தது. பாரசீகமும் உருதுவும் கலந்த அவர்கள் பேச்சில் ‘ஐ’ என்று தொடங்கினால் யாரையோ விளிக்கிறார்கள் என்று அர்த்தம். கவிஞர் நிலாவைப் பார்த்துச் சொன்னால் ‘ஓ நிலவே’. சிப்பாய் எதிரே வருபவனைப் பார்த்துச் சொன்னால் நம்முடைய ‘ஏய்!’.

1677இல் சிவாஜி மகாராஜா செஞ்சியைக் கைப்பற்றினார். அவருடைய மகன் ராஜாராம் இங்கே தங்கி, முகலாயப் படையின் நீண்ட முற்றுகையைத் தாங்கினார். அவர் தப்பிச் சென்ற பிறகு 1698இல்தான் கோட்டை முகலாயர் வசமாயிற்று. அத்தனை வருஷமும் இந்த மதிலுக்குள் எத்தனை மராத்திக் குழந்தைகள் கால் தடுக்கி “ஆயீ!” என்று அலறியிருக்கும்! அடிபட்ட மராத்தி வீரனும் அப்படித்தான் அலறியிருப்பான். நாம் வலித்தால் ‘அம்மா!’ என்பதுபோல அவர்கள் ‘ஆயீ!’ என்பார்கள். பெரியம்மா வீட்டுத் திண்ணையில் கேட்ட சத்தம் இந்த வட்டாரத்துக்குப் புதிது அல்ல. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய சத்தம் மறுபடி கேட்டது, அவ்வளவுதான்.

முற்றுகையிட்ட முகலாயர்களின் மூதாதை பாபர் தம் சுயசரிதையை எழுதியது ஒரு துருக்கி மொழியில். துருக்கியில் ‘ஐ’ என்றால் நிலா. அதே சொல்லுக்கு மாதம் என்றும் பொருள். ‘இதென்ன, ஒரே சொல்லுக்கு நிலாவும் மாதமும்!’ என்று ஆச்சரியப்படாதீர்கள். நம்முடைய ‘திங்கள்’ என்ற சொல்லும் அதே காரியத்தைத்தானே செய்கிறது?

பிறகு பந்தேல்கண்டு ராஜபுத்திரர்கள் வந்தார்கள். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு மாண்ட தேசிங்குராஜன் கதையை நம் பாட்டிமார் பாடக் கேட்டிருப்போம். அவர்களுடைய இந்தியில் ‘ஆயீ’ என்றால் ‘வந்தாள்’. மராத்தி ‘ஆயீ’யையும் இந்தி ‘ஆயீ’யையும் அடுத்தடுத்துப் போட்டால், ‘ஆயீ ஆயீ’ என்பது ‘அம்மா வந்தாள்’ என்று ஒரு முழு வாக்கியமாகிவிடும்!

1750இல் பிரெஞ்சுக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கோட்டையைப் பிடித்தார்கள். பிரெஞ்சில் ‘ஆய்!’ என்றால் ‘ஐயோ, வலிக்கிறதே!’. ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வீட்டு அடுப்பங்கரையில் எஜமானியம்மாள் ‘ஆய்’ என்று சொன்னால் பதறிப் போய் மருந்துப் பெட்டியை எடுக்கக் கூடாது. பூண்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். பிரெஞ்சில் பூண்டுக்கும் அதே உச்சரிப்பு!

கடைசியில் 1761இல் ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்கள் ‘ஐ’ என்றால் நான். ‘ஐ’ என்றால் கண். இன்னொரு ‘ஐ’ என்றால் ‘ஆம்’, சம்மதம். ‘என் கண்ணே சம்மதம்’ என்பதற்கு மூன்று ‘ஐ’ போதும் போலிருக்கிறது!

கடல் கடந்தால்

இந்தியாவுக்குள்ளேயே இன்னும் கொஞ்சம் சுற்றலாம். அஸ்ஸாமிய மொழியில் ‘ஆய்’ என்றால் தாய். அதற்கு அடுத்த மேகாலயத்தில் காசி மொழி பேசுகிறவர்களிடம் ‘ஐ’ என்றால் ‘கொடு’. தாயையும் கொடுப்பதையும் அடுத்தடுத்த மாநிலங்களில் வைத்தது யாருடைய விளையாட்டோ!

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நம்மவர்கள் பலர் வியட்நாமில் சைகோன் நகரத்துக்குப் போய் வாழ்ந்தார்கள். அங்கே மாரியம்மன் கோயில் கூட இருக்கிறது. வியட்நாமிய மொழியில் ‘ஐ’ என்றால் ‘யார்?’. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து கேட்கும் முதல் சொல் அது. நம் ஊர்க் குழந்தை வெளியே நின்று ‘ஐ!’ என்று குதித்திருந்தால், ‘யார்?’ என்று யாராவது கதவைத் திறந்திருப்பார்கள்.

ஜப்பானில் ‘அ-இ’ என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லுகிறார்கள். அன்பு என்று ஒரு பொருள். துணிக்குப் போடும் அவுரி நீலம் என்று இன்னொரு பொருள். எழுத்து வேறு, ஒலி ஒன்று. அவுரி என்றால் தென்னார்க்காட்டு மக்களுக்குச் சொல்ல வேண்டுமா? திண்டிவனம், விழுப்புரம் பக்கம் பேர் போன பயிர் அல்லவா அது!

சீனாவில்தான் இந்தச் சொல் பெரிய கூத்து அடிக்கிறது. அங்கே எந்த ராகத்தில் சொல்லுகிறோம் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறிவிடும். ‘ஐ’யைச் சமமாக நீட்டினால் துக்கம். குரலை உயர்த்தினால் புற்றுநோய். தாழ்த்தி வளைத்தால் குள்ளம். மேலிருந்து கீழே சட்டென்று இறக்கினால் அன்பு! காதலியிடம் அன்பைச் சொல்லப் போகிறவன் சுருதி தப்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சீன எழுத்தில் அந்த அன்புக்கு இன்னொரு கதையும் உண்டு. பழைய முறையில் அந்த எழுத்தின் நடுவில் ‘இதயம்’ என்ற எழுத்து இருக்கும். 1956இல் சீன அரசு எழுத்துகளை எளிமையாக்கத் தொடங்கியபோது இதயம் எடுபட்டுப் போயிற்று. அதில் இப்போது மிஞ்சியிருப்பது ‘நண்பன்’ என்ற எழுத்து. தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்னும் இதயத்தோடுதான் எழுதுகிறார்கள். இதயம் இல்லாமல் அன்பா என்று அங்கே வேடிக்கையாகக் கேட்பது உண்டு. தாம்பத்தியத்துக்கு நண்பனாவது மிஞ்சினானே என்று நாம் சமாதானம் சொல்லலாம்!

ஏன் இப்படி?

இத்தனையும் கேட்டுவிட்டு, “அப்படியானால் எல்லாம் தமிழிலிருந்து போனவையா?” என்று அண்ணா கேட்டார். ஆசைதான். ஆனால் அப்படிச் சொல்லிவிடக் கூடாது.

‘அ’, ‘இ’ இரண்டும் உலக மொழிகளில் மிகமிகப் பரவலாக உள்ள உயிரொலிகள். இரண்டையும் சேர்த்தால் ‘ஐ’. இவ்வளவு சுலபமான சத்தத்தை ஆயிரக்கணக்கான மொழிகள் சும்மா விட்டு வைக்குமா? ஆளுக்கு ஒரு பொருளை அதில் போட்டு வைத்துக்கொண்டார்கள். ஒரே மாதிரிப் பாத்திரம் பத்து வீட்டில் இருந்தால், ஒரு வீட்டில் உப்பு, ஒரு வீட்டில் புளி, ஒரு வீட்டில் சில்லறைக் காசு இருக்கும். பாத்திரம் ஒன்று என்பதால் பத்து வீடும் உறவாகிவிடுமா?

உறவு என்றால் ஒரு சொல்லை வைத்து முடிவு கட்ட முடியாது. தமிழில் ஐந்து, தெலுங்கில் ஐது, கன்னடத்திலும் ஐது, துளுவில் ஐன், மலையாளத்தில் அஞ்சு. இதே மாதிரி நூற்றுக்கணக்கான சொற்கள் ஒழுங்கு தப்பாமல் ஒத்து வரும்போதுதான் ‘இது ஒரே குடும்பம்’ என்று சொல்ல முடியும். அப்படி ஒப்பிட்டுத்தான் கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் முழுக்கத் தற்செயல் என்று தோன்றவில்லை. போர்த்துகீசியன் ‘ஐ’ என்கிறான், பிரெஞ்சுக்காரன் ‘ஆய்’ என்கிறான், சீனன் ‘ஐயா’ என்கிறான், நாம் ‘ஐயோ’ என்கிறோம். எல்லாம் துன்பத்தில் எழும் குரல்கள். 2024இல் ஆராய்ச்சியாளர்கள் 131 மொழிகளில் இப்படிப்பட்ட சொற்களைத் திரட்டி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வலிக்கும்போது சொல்லும் சொற்களில் வாயை அகலத் திறக்கும் ‘அ’ போன்ற ஒலியும், ‘ஐ’, ‘ஔ’ போன்ற கூட்டொலிகளும் எங்கும் மிகுதியாக இருந்தனவாம். மகிழ்ச்சிக்கும் அருவருப்புக்கும் உரிய சொற்களில் அப்படிப்பட்ட ஒற்றுமை தென்படவில்லை.

அதாவது, சிரிப்பதற்கு ஊருக்கு ஊர் பாஷை உண்டு. அழுவதற்கு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பாஷை! நம்முடைய ‘ஐயோ’வுக்கு 2016இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியிலேயே இடம் கிடைத்தது.

தொலையாமல் தப்பிய எழுத்து

இப்படி உலகம் சுற்றும் ‘ஐ’க்குச் சொந்த ஊரிலேயே ஒரு கண்டம் வந்தது. ‘அய்’ என்று இரண்டெழுத்தால் எழுத முடியும்போது ‘ஐ’ எதற்கு என்று கேட்டார் பெரியார். அச்சுக் கோக்கவும் குழந்தைகள் கற்கவும் எழுத்துகள் குறைய வேண்டும் என்பது அவர் கட்சி. 1935இலேயே ‘குடிஅரசு’ பத்திரிகையில் சீர்திருத்த எழுத்துகளைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார். ‘அய்யா’ என்று இன்றும் பலர் எழுதுவது அந்த வழியில் வந்தது.

1978இல் எம்.ஜி.ஆர். அரசு அவருடைய சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று ஆணை பிறப்பித்தது. பதின்மூன்று எழுத்துகள் உருமாறின. யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைத்துப் போட்ட பழைய ‘லை’, ‘னை’ எல்லாம் உங்கள் பாட்டியின் கடிதங்களில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அவை போயின. ‘ஐ’ மட்டும் தப்பியது. திருநாதர்குன்றில் முகம் காட்டிய எழுத்து இன்றும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் பலகையில் ஏறுகிறது.

மறுபடியும் திண்ணை

மாலையில் தொண்டூர் திரும்பினோம். பெரியம்மா திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டேன். “ஏன் பெரியம்மா, வந்ததிலேருந்து ஒரு மாதிரி இருக்கீங்க?”

சற்று நேரம் கீரையையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: “இந்த ஊர்ல எல்லாப் புள்ளைங்களும் பாட்டியை ‘ஆயா’ன்னுதான் கூப்பிடும். எம் பேத்தி மட்டும் மூணு வருஷமா போன்ல ‘ஆஜி, ஆஜி’ங்குது. எத்தனையோ தடவை சொல்லிட்டேன், ‘ஆயா’ன்னு கூப்பிடுடி கண்ணுன்னு. அவ அம்மா சொல்ல விட்டாத்தானே? ஆயான்னு கூப்பிட்டா என்ன கொறைஞ்சு போயிடும்?”

எனக்குச் சுருக்கென்றது. நான் எழுந்து போய் அண்ணியைக் கேட்டேன். அவள் பதறிப் போனாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் திக்கித் திணறிச் சொன்னாள்: “எங்க பாஷையில ‘ஆஜி’தான் பாட்டி. ‘ஆயா’ன்னா சம்பளத்துக்குக் குழந்தையைப் பாத்துக்கற வேலைக்காரி. எங்க மாமியாரை என் குழந்தை அப்படிக் கூப்பிடலாமா? மரியாதை இல்லையே. அதனாலதான் நான் வேண்டாம்னேன்.”

மரியாதைக்காக! மூன்று வருஷமாக ஒருத்தி மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அதை அவமரியாதையாக வாங்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணி சொன்ன ‘ஆயா’வும் பொய் இல்லை. அது போர்த்துகீசியர் கொண்டு வந்த சொல். அவர்கள் பாஷையில் குழந்தையை வளர்க்கும் செவிலிக்கு ‘ஆயா’ என்று பெயர். அது இந்தியிலும் மராத்தியிலும் நுழைந்தது. தமிழிலும் நுழைந்தது, பள்ளிக்கூடத்து ஆயாவை நமக்குத் தெரியாதா? ஆனால் எங்கள் பக்கத்துப் பாட்டி ‘ஆயா’வுக்கு நம் வீட்டிலேயே துணை இருக்கிறது. பழந்தமிழில் ‘ஆய்’ என்றாலே தாய். ‘ஆயி’ என்றாலும் தாய். குழந்தை அலறிய மராத்தி ‘ஆயீ’க்கும் அதே பொருள்!

இதையெல்லாம் நான் பெரியம்மாவிடம் விளக்கப் பிரமாதமாகத் தயார் செய்துகொண்டு வந்தேன். போர்த்துகீசியர் வரைக்கும் கூடப் போகவில்லை. “அண்ணிக்கு ‘ஆயா’ன்னா வேலைக்காரியாம், பெரியம்மா. அதனாலதான் உங்களை அப்படிக் கூப்பிட வேண்டாம்னாங்களாம்” என்று ஆரம்பித்ததுமே பெரியம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

“அப்படியா? அட, பைத்தியக்காரப் பொண்ணே!” என்று அண்ணியைப் பார்த்தாள். “அதுவும் சரிதானே? பேத்திக்கு நான் வேலைக்காரி இல்லாம வேற யாரு?”

அண்ணிக்கு அந்த வாக்கியம் முழுவதும் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் குனிந்து, குழந்தையின் காதில் ஏதோ சொன்னாள். குழந்தை பாட்டியை ஒரு தடவை நன்றாகப் பார்த்தது. நேற்று வேலியோரம் நடந்த போராட்டம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், கொஞ்சம் தயங்கியது. பிறகு மெதுவாக, “ஆயா” என்றது.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், தட்டில் ஓர் அதிரசம் கொண்டு வந்து குழந்தையின் கையில் கொடுத்தாள்.

“ஐ!” என்றது குழந்தை.

இதற்கு யாரும் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.